ஒரு பிஸ்கட் டின், 64 சீட்டு: கட்சிக்குள் ஓட்டு எண்ணிய கதை

கிடங்கில் சரக்கு எண்ணுவதுதான் என் பிழைப்பு. ஜூரோங் பக்கம் பதினேழு வருடமாக வந்த பெட்டி எத்தனை, போன பெட்டி எத்தனை என்று எண்ணிக்கொண்டிருக்கிறேன். அதனால்தானோ என்னவோ, எங்கள் கட்சியில் தலைமைச் செயலாளர் பதவிக்குப் போட்டி என்று வந்தபோது இரண்டு தரப்பும் சண்டை போடாமல் ஒத்துக்கொண்ட ஒரே விஷயம், ஓட்டை நான் எண்ணலாம் என்பது. எந்தக் கட்சி என்று கேட்காதீர்கள். சிங்கப்பூரில் பதிவான எதிர்க்கட்சிகளில் ஒன்று, அவ்வளவு போதும். கொரோனாவுக்கு முந்தைய கதை.

இப்போது எழுதுவதற்குக் காரணம், நண்பர் ஒருவர் தங்கள் சங்கத்தின் நிர்வாகக் குழுத் தேர்தலை நடத்தப் போகிறார். "அண்ணே, நீங்க செஞ்சிருக்கீங்களே, என்னென்ன பாத்துக்கணும்?" என்று கேட்டார். தேக்காவில் ஒரு மணி நேரம் உட்கார்ந்து சொன்னேன். கட்சியானாலும் தமிழ்ச் சங்கமானாலும் இங்கே சங்கங்கள் சட்டத்தின் கீழ்தான் பதிவு, கோளாறுகளும் ஏறக்குறைய ஒன்றேதான். அதனால் அவருக்குச் சொன்னதைக் கொஞ்சம் விரித்து இங்கே எழுதுகிறேன். நான் செய்த தப்பையும் சேர்த்து.

முதலில் ஓட்டுரிமை இருந்த 71 பேர். எங்கள் கட்சியில் சாதாரண உறுப்பினர்கள் சில நூறு பேர் இருந்தார்கள், ஆனால் தலைமைச் செயலாளரைத் தேர்ந்தெடுக்கும் உரிமை, கேடர் என்று உயர்த்தப்பட்ட 71 உறுப்பினர்களுக்கு மட்டும். மழையிலும் வெயிலிலும் புளோக் புளோக்காக ஏறி இறங்கித் துண்டறிக்கை கொடுத்த பையனுக்கு ஓட்டு இல்லை, மூன்று வருடமாகக் கட்சி அலுவலகப் பக்கமே வராத ஒரு கேடருக்கு ஓட்டு உண்டு. அந்தப் பையன் என்னிடம், "அண்ணே, இது என்ன நியாயம்?" என்று கேட்டபோது எனக்கு உடனே பதில் வரவில்லை. அப்புறம் 1957 கதையைச் சொன்னேன்.

இன்று ஆளுங்கட்சியான மக்கள் செயல் கட்சியில் (மசெக) அந்தக் காலத்தில் சாதாரண உறுப்பினரே ஓட்டுப் போடலாம். 1957 ஆகஸ்ட் மாநாட்டில் இடதுசாரிகள் செயற்குழுவின் 12 இடங்களில் 6 இடங்களைப் பிடித்துவிட்டார்கள். கட்சியைத் தொடங்கியவர்களான லீ குவான் இயூவும் டோ சின் சாயும் பொறுப்பேற்க மறுத்துவிட, வழக்கறிஞர் டி.டி. ராஜா தலைமைச் செயலாளர் ஆனார். ஆனால் சில வாரங்களுக்குள் அப்போதைய முதலமைச்சர் லிம் இயூ ஹாக்கின் அரசாங்கம் இடதுசாரிகளைக் கைது செய்ய ஆரம்பிக்க, கட்சி மறுபடியும் லீயின் கைக்கு வந்தது. அடுத்த வருடமே கேடர் முறை வந்துவிட்டது. செயற்குழு கேடரை நியமிக்கும், கேடர்கள் செயற்குழுவைத் தேர்ந்தெடுப்பார்கள், போப் கர்தினால்களை நியமிப்பதும் கர்தினால்கள் போப்பைத் தேர்ந்தெடுப்பதும் போல. இன்றும் மசெகவில் கேடர்கள் செயற்குழுவுக்குத்தான் ஓட்டுப் போடுகிறார்கள், தலைமைச் செயலாளரை அந்தக் குழுதான் தீர்மானிக்கிறது. 2024 டிசம்பரில் லாரன்ஸ் வோங் தலைமைச் செயலாளர் ஆனதும் அப்படித்தான். எதிர்க்கட்சியான பாட்டாளிக் கட்சியில் தலைமைச் செயலாளர் பதவிக்குக் கேடர்களே ஓட்டுப் போடுகிறார்கள், ஆனால் அங்கேயும் கேடர்கள் மட்டும்தான்.

கதை கேட்டுவிட்டுப் பையன், "அப்ப பட்டியல் யாரு கையில இருக்கோ அவங்கதான் தலைவர்" என்றான். இருபத்து மூன்று வயது. நான் அதே இடத்துக்கு வந்து சேர நாலு மாதம் ஆயிற்று.

எங்களிடம் போட்டியிட்டவர்கள் இரண்டு பேர். ஒருவர் பல வருடமாகப் பதவியில் இருந்தவர், மூத்தவர் என்று வைத்துக்கொள்வோம். மற்றவரை இளையவர் என்கிறேன், வயது நாற்பத்தெட்டு, எங்கள் கட்சியில் அது இளமைதான். மூத்தவர் தன் கடைசித் தவணையில் ஆறு பேரைப் புதிதாகக் கேடராக உயர்த்தியிருந்தார். ஆறு பேரும் அவருடைய ஆட்கள் என்று எல்லோருக்கும் தெரியும். விதிப்படி அது சரிதான். யாரும் வாய் திறக்கவில்லை.

இளையவர் தரப்பும் சும்மா இருக்கவில்லை. எங்கள் கட்சி விதியில், சந்தா பாக்கி இருந்தால் ஓட்டு கிடையாது என்று ஒரு வரி. வருடத்துக்கு 24 வெள்ளி, பெரிய தொகை இல்லை, ஆனால் மறந்துபோகிற தொகை. கூட்டத்துக்கு இரண்டு வாரம் முன்பு பொருளாளர் கணக்கைப் பார்த்தபோது ஒன்பது பேர் பாக்கி. மறுநாள் காலையில் ஒன்பது பேருடைய பாக்கியும் கட்டப்பட்டுவிட்டது. ஒன்பது பேநவ் பணமாற்றம், ஒரே கைப்பேசி எண்ணிலிருந்து, பத்து நிமிட இடைவெளிக்குள். பொருளாளர் அந்தத் திரையை எனக்குக் காட்டினார். எண் யாருடையது என்று இரண்டு பேருக்குமே தெரியும், இளையவருக்கு ரொம்ப வேண்டியவர்.

பொருளாளர் கேட்டார், என்ன செய்யலாம் என்று. விதியில் சந்தா கட்டியிருக்க வேண்டும் என்றுதான் இருக்கிறது, யார் கட்ட வேண்டும் என்று இல்லை, எந்தத் தேதிக்குள் என்றும் இல்லை. நான், "விதியில இல்லாததை நாம எப்படிச் சொல்றது" என்றேன். உண்மையைச் சொன்னால், எனக்கு இளையவர் ஜெயிக்க வேண்டும் என்றிருந்தது. மூத்தவர் தரப்பு இதே வேலையைச் செய்திருந்தால் நான் அத்தனை சாதுவாக விதி பேசியிருப்பேனா? சந்தேகம்தான்.

நண்பருக்கு நான் முதலில் சொன்னது இதுதான்: தேர்தல் அறிவிப்பு வருவதற்கு முன்பே ஒரு தேதியைப் போட்டுப் பட்டியலை மூடிவிடுங்கள். அந்தத் தேதிக்குள் கட்டியவருக்கு ஓட்டு, அப்புறம் யார் வந்து கட்டினாலும் அடுத்த தேர்தலுக்குத்தான். மூடிய பட்டியலை அச்சடித்து அலுவலகச் சுவரில் ஒட்டுங்கள், ஒரு வாரம் ஆட்சேபம் சொல்ல நேரம் கொடுங்கள். ஆட்சேபம் வந்தால் யார் முடிவு செய்வது என்பதையும் அதற்கு முன்பே எழுதி வையுங்கள், அந்த ஆள் வேட்பாளராக இருக்கக் கூடாது. இது வாட்ஸ்அப் குழுவில் போட்டால் போதாது, அங்கே வருகிற 'குட் மார்னிங்' படங்களுக்கு நடுவில் எதுவும் தொலைந்துபோகும்.

இன்னொன்று, விதிப் புத்தகத்தை வாசியுங்கள். பதினோரு வருடமாக உறுப்பினர் நான், அந்தத் தேர்தலுக்கு முன் ஒரு முறைகூட முழுதாக வாசித்ததில்லை. சங்கப் பதிவகத்தின் மாதிரி விதிகளைப் பார்த்தால் நிறைய விஷயம் ஏற்கெனவே யோசித்து வைக்கப்பட்டிருக்கிறது. கூட்டத்துக்கு மொத்த வாக்குரிமை உள்ளவர்களில் 25 விழுக்காடு அல்லது 30 பேர், இதில் எது குறைவோ அத்தனை பேர் வேண்டும். ஆள் சேரவில்லை என்றால் அரை மணி நேரம் காத்திருந்து வந்தவர்களை வைத்து நடத்தலாம், ஆனால் விதியை மட்டும் திருத்த முடியாது. பொருளாளர் அடுத்தடுத்த தவணையில் அதே பதவிக்கு வர முடியாது. கையைத் தூக்கி ஓட்டுப் போடலாம், பெரும்பான்மையினர் கேட்டால் ரகசிய வாக்கு. சமமாக வந்தால் மறு ஓட்டு, அதுவும் சமமானால் குலுக்கல். உங்கள் சங்கத்தின் விதி வேறாக இருக்கலாம், அதனால்தான் வாசிக்கச் சொல்கிறேன். இதெல்லாம் சும்மா காகிதம் என்று நினைக்கிறவர்களுக்கு 1993 ஞாபகம் இருக்க வேண்டும். சிங்கப்பூர் ஜனநாயகக் கட்சியை ஆரம்பித்த சியாம் சீ டோங்கையே அவருடைய கட்சியின் செயற்குழு நீக்கியது, அவர் நீதிமன்றம் போனார், நீக்கியது செல்லாது என்று தீர்ப்பு வந்தது. உள்வீட்டுச் சண்டைதானே என்று நீதிபதி விட்டுவிட மாட்டார்.

சரி, தேர்தல் நாளுக்கு வருகிறேன்.

கடைவீட்டின் மாடியில் அலுவலகம், குளிரூட்டி பழுது, நாற்பது பேர் உட்காருகிற இடத்தில் அறுபத்து நாலு பேர். ஓட்டுப் பெட்டிக்குச் சதுரமான பெரிய கோங் குவான் பிஸ்கட் டின், மூடியில் கத்தியால் வெட்டிய ஒரு பிளவு. அதைக் கொண்டுவந்த அக்கா முதல் நாள் ராத்திரிதான் பிஸ்கட்டைக் காலி செய்தாராம், டின்னுக்குள் இன்னும் வெண்ணெய் வாசனை. ஓட்டு ஆரம்பிப்பதற்கு முன் டின்னைத் தலைகீழாகக் கவிழ்த்து எல்லோருக்கும் காட்டினேன். கொஞ்சம் பிஸ்கட் தூள் கொட்டியது. எல்லோரும் சிரித்தார்கள். அன்றைக்கு எல்லோரும் சேர்ந்து சிரித்தது அந்த ஒரு தடவைதான்.

வேட்பாளர்கள் ஆளுக்கு ஐந்து நிமிடம் ஆங்கிலத்தில் பேசினார்கள், மூத்தவர் கடைசியில் கொஞ்சம் மாண்டரின். எங்கள் ஆள்கள், அதாவது தமிழர்கள், என்னோடு சேர்த்து ஐந்து பேர். அதில் ஒருவர் நான் அங்கிள் என்று கூப்பிடுகிற பெரியவர், என் அப்பாவோடு துறைமுகத்தில் வேலை பார்த்தவர். அந்தக் காலத்தில் பிளேர் பிளெய்னில் துறைமுகக் குடியிருப்பில் இருந்தவர். 1981 ஆன்சன் இடைத்தேர்தலில் பாட்டாளிக் கட்சியின் ஜே.பி. ஜெயரத்னம் ஜெயித்த கதையை எந்தப் பேச்சிலும் கொண்டுவந்து செருகிவிடுவார். "653 ஓட்டுய்யா தம்பி, 653!" என்று அந்த வித்தியாசத்தைத் தன் வீட்டு எண்ணைப் போல மனப்பாடமாகச் சொல்வார். தமிழ்ப் பள்ளியில் படித்தவர், ஆங்கிலம் கேட்டால் புரியும், வாசிக்கக் கொஞ்சம் சிரமம். பேச்சுகளை அவர் பக்கத்தில் உட்கார்ந்து மெதுவாகத் தமிழில் சொன்னேன். சீட்டில் என்ன அச்சாகியிருக்கிறது, எப்படிக் குறி போட வேண்டும் என்பதை மட்டும் சொல்லாமல் விட்டுவிட்டேன். வாழ்நாள் முழுக்க ஓட்டுப் போட்டவருக்கு இதைப் போய்ச் சொல்வதா என்று நினைத்தேன்.

கைப்பேசிகளை ஒரு காய்கறிக் கூடையில் போட்டுவிட்டு மறைப்புக்குப் பின்னால் போகச் சொன்னோம். அது நல்ல யோசனை, என்னுடையது இல்லை. சீட்டைப் படம் எடுத்து 'பார், உனக்குத்தான் போட்டேன்' என்று காட்டுகிற வழி அடைபட்டால், காட்டு என்று மிரட்டுகிற வழியும் அடைபடும்.

எண்ண ஆரம்பித்ததும் முதல் கஷ்டம் சுவர் விசிறி. பிரித்து வைத்த சீட்டெல்லாம் பறந்தது. விசிறியை நிறுத்தச் சொன்னேன், அறுபது பேரும் வேர்த்துக் கொட்டிக்கொண்டு என்னையே பார்த்தார்கள். மேசைக்கு இரண்டு பக்கமும் ஆளுக்கு ஒரு பிரதிநிதி. நான் சீட்டைப் பிரித்து உயர்த்திக் காட்டுவேன், இருவரும் தலையாட்டியதும் அடுக்கில் வைப்பேன், பத்து பத்தாக ரப்பர் வளையம். கிடங்கில் செய்கிற மாதிரியேதான்.

முப்பதைத் தாண்டியிருப்போம். ஒரு சீட்டு. கட்டம் இரண்டும் காலி. மூத்தவர் பெயருக்குப் பக்கத்தில், கொஞ்சம் நடுங்கிய கையெழுத்தில், தமிழில் ஒரு வார்த்தை.

இளையவரின் பிரதிநிதி, "என்ன எழுதியிருக்கு?" என்று கேட்டார். நான் யோசிக்கவே இல்லை. "இவருக்கே" என்று சத்தமாக வாசித்துவிட்டேன். வாசித்தது மட்டுமா, என்ன அர்த்தம் என்று ஆங்கிலத்திலும் சொன்னேன்.

சொன்ன பிறகுதான் புரிந்தது. ஐந்து தமிழர்கள். ஒருவன் நான். மூன்று பேர் சின்ன வயதுக்காரர்கள், இங்கேயே படித்து வளர்ந்தவர்கள், அப்படி எழுதுகிறவர்கள் இல்லை. அறையே திரும்பி அங்கிளைப் பார்த்தது. அவர் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்.

அப்புறம் இருபது நிமிடச் சண்டை. மூத்தவர் தரப்பு, "நாட்டுத் தேர்தலிலேயே எண்ணம் தெளிவாக இருந்தால் ஓட்டு செல்லும்" என்றது. இளையவர் தரப்பு, "அதே சட்டத்தில், போட்டவர் யாரென்று தெரிகிற மாதிரி எழுதியிருந்தால் செல்லாது" என்றது. இரண்டும் சரி. எங்கள் விதியில் எதுவும் இல்லை. கடைசியில் ஓர் ஓரத்தில் உட்கார்ந்திருந்த சீன மூதாட்டி, "அதைத் தனியாக வையுங்கள், மீதியை எண்ணுங்கள், தேவைப்பட்டால் அப்புறம் சண்டை போடலாம்" என்றார். அதைத்தான் நான் முதலிலேயே செய்திருக்க வேண்டும். வாயைத் திறக்காமல், முகத்தை மாற்றாமல், சந்தேகச் சீட்டு என்று ஓர் ஓரத்தில் கவிழ்த்து வைத்திருக்க வேண்டும்.

இளையவருக்கு 34, மூத்தவருக்கு 29, தனியாக வைத்தது 1. அந்தச் சீட்டு யாருக்கும் தேவைப்படவே இல்லை.

எண்ணிக்கையை அறிவிக்க வேண்டுமா, ஜெயித்தவர் பெயரை மட்டும் சொன்னால் போதாதா என்று ஒரு பேச்சு வந்தது, தோற்றவர் மனம் நோகக் கூடாதாம். நான் அறிவித்தேன். 2016-இல் பாட்டாளிக் கட்சியில் தலைமைச் செயலாளர் லோ தியா கியாங்கை எதிர்த்து சென் ஷோ மாவ் நின்றார், 61க்கு 45. எண்ணிக்கை வெளியே தெரிந்ததால் கட்சி உடைந்துபோகவில்லை, சென் 2020 வரை நாடாளுமன்ற உறுப்பினராகவே இருந்தார். 2018-இல் அதே பதவிக்குப் பிரித்தம் சிங் போட்டியே இல்லாமல் வந்தார். எண்ணிக்கையை மறைத்தால் ஆளுக்கு ஒரு எண்ணிக்கையை அவரவர் கற்பனையில் போட்டுக்கொள்வார்கள், அது நிஜத்தைவிட மோசமாக இருக்கும்.

ஐந்து ஓட்டு வித்தியாசம் என்று அறிவித்ததும் பொருளாளர் என்னைப் பார்த்தார், நான் அவரைப் பார்த்தேன். ஒன்பது பேநவ். ஒன்பது பேரும் இளையவருக்கே போட்டார்கள் என்று சொல்ல முடியாது, எட்டுப் பேர்தான் வந்திருந்தார்கள் வேறு. ஆனாலும் அந்தக் கணக்கு இன்றைக்கும் எனக்குச் சரியாக மூடவில்லை.

தோற்றவரை என்ன செய்வது என்று யாரும் முன்கூட்டி யோசித்திருக்கவில்லை. மூத்தவர் கை குலுக்கினார், படியிறங்கிப் போனார், அவ்வளவுதான். அவரிடம் இருந்த மூன்று சாவிகள், வங்கிக் கையெழுத்து, அச்சகத்துக்காரரின் தொலைபேசி எண், தொகுதிவாசிகள் கொடுத்த மனுக்கள் இருந்த ஒரு பச்சைக் கோப்பு எல்லாம் கைமாற ஏழு வாரம் பிடித்தது. அவர் வேண்டுமென்று இழுத்தடித்தார் என்று சொல்கிறார்கள். நான் அப்படி நினைக்கவில்லை, யாரும் போய்க் கேட்கவில்லை என்பதுதான் உண்மை. ஜெயித்தவர்களுக்குக் கூச்சம், தோற்றவருக்கு ரோஷம். தேர்தலுக்கு முந்தைய வாரமே, யார் ஜெயித்தாலும் இன்னின்ன பொருள் இன்ன தேதிக்குள் இன்னார் கையில் என்று ஒரு தாளில் எழுதி இரண்டு பேரிடமும் கையெழுத்து வாங்கிவிடுங்கள். அன்றைக்கு இரண்டு பேருமே ஜெயிப்போம் என்ற நம்பிக்கையில் இருப்பார்கள், சந்தோஷமாகப் போடுவார்கள்.

அங்கிள் அதற்கப்புறம் மூன்று மாதம் அலுவலகம் வரவில்லை. வாட்ஸ்அப்பில் யாரோ ஒருவர் 'இவருக்கே' என்று ஆங்கில எழுத்தில் போட்டுச் சிரிப்புப் பொம்மை வைத்திருந்தார். கேலியாகத்தான் போட்டிருப்பார், கெட்ட எண்ணம் இருந்திருக்காது, ஆனால் எழுபது வயதுக்கு மேற்பட்ட மனுஷர், நாற்பது வருடமாகத் தன் ஓட்டு யாருக்கு என்று பெண்டாட்டியிடம்கூடச் சொன்னதில்லை என்று பெருமையடிப்பவர். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் வீட்டுக்குக் கீழே உள்ள காப்பிக்கடையில் போய்க் காத்திருந்தேன். வந்தார். கோப்பி ஓ வாங்கிக் கொடுத்தேன். "அங்கிள், நான் வாசிச்சிருக்கக் கூடாது" என்றேன்.

கொஞ்ச நேரம் கோப்பியை ஆற்றினார். "நீ என்ன பண்ணுவ தம்பி, உனக்குத் தமிழ் தெரியும்" என்றார். "அடுத்த தடவ சீனத்துல எழுதுறேன், அறுபது பேர்ல எவன்னு கண்டுபிடிக்கட்டும்."

இரண்டு வருடம் கழித்து வந்த தேர்தலிலும் நான்தான் எண்ணினேன். இந்தத் தடவை சீட்டின் மேலே நான்கு மொழியிலும் ஒரு வரி அச்சடித்தோம்: கட்டத்துக்குள் பெருக்கல் குறி மட்டும் போடவும், வேறு எதுவும் எழுத வேண்டாம். தமிழ் வரி நான் எழுதியது. மாதிரிச் சீட்டு ஒன்றைச் சுவரில் பெரிதாக ஒட்டி, ஓட்டுக்கு முன் ஒவ்வொரு மொழியிலும் ஒருவர் நின்று காட்டினார்கள். அதே பிஸ்கட் டின், வாசனை மட்டும் போயிருந்தது.

எண்ணும்போது ஒரு சீட்டு வந்தது. எட்டாக மடித்து, அதையும் மறுபடி மடித்து, சுண்டுவிரல் நகம் அளவுக்குச் சுருட்டி வைத்திருந்தது. பிரிக்கவே அரை நிமிடம் ஆயிற்று. உள்ளே கட்டத்தின் நட்டநடுவில், ஓரத்தைத் தொடாமல், அளவெடுத்தது மாதிரி ஒரு பெருக்கல் குறி. நான் தலை நிமிரவில்லை. உயர்த்திக் காட்டினேன், இரண்டு பேரும் தலையாட்டினார்கள், அடுக்கில் வைத்தேன்.